பெட்டியைத் தூக்கு மக்களே

மக்களே, இங்கோடி வா. சென்னையில வேலை கிட்டிட்டுன்னு உங்க அம்மை முன்சிறை வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தாச்சு. டிக்கெட் எடுத்தாச்சா? எடுத்தாச்சு. போன்லயே எடுத்தாச்சு. கொள்ளாம். எங்க ஏறணும்? குழித்துறை. செரி, எந்தக் குழித்துறை?

முழிக்கான் பாரு. என்ஜினியருக்குப் படிச்ச பிள்ளையாக்கும்.

குழித்துறைன்னு ரெண்டு ஸ்டேஷன் உண்டும்லே. ஒண்ணு குழித்துறை. மத்தது குழித்துறை மேற்கு. மேற்குல பாசஞ்சர் வண்டி மட்டும்தான் நிக்கும். சென்னை வண்டிக்கு அங்க போய் நின்னு கையைக் காட்டினாலும் நிக்காது, வாங்கின சம்பளக் கடுதாசியைக் காட்டினாலும் நிக்காது. காத்து மட்டும் மூஞ்சியில அடிச்சிட்டுப் போவும்.

இது போதாதுன்னு நாகர்கோவில்லயும் ரெண்டு. கோட்டாறுல கெடக்கது ஜங்ஷன். இன்னொண்ணு டவுன். நம்ம பக்கமிருந்து திருநெல்வேலிக்குப் போற வண்டி ஜங்ஷனுக்குள்ள நுழைஞ்சா, முன்னால இருக்க என்ஜினைக் கழட்டி மறுதலையில கொண்டு மாட்டணும். அந்தப் பாடு எதுக்குன்னு சில வண்டிய டவுன் வழியாவே வளைச்சு விட்டுருக்கான். நம்ம தெருவுல ஒரு மாமனாரு, புது மருமவன் வாறான்னு ஏத்தங்கா வத்தலும் முந்திரிக்கொத்துமா கோட்டாறுல போய் நின்னாரு. மருமவன் டவுன்ல இறங்கி, வரவேற்க ஒரு நாயும் வரலைன்னு கோவிச்சுக்கிட்டு, சாயாவும் குடிக்காம பஸ் ஏறிட்டான். அந்தக் கோவம் பேரப்பிள்ளைக்குக் காது குத்துற வரைக்கும் தீரல. அதனால திரும்பி வரும்போது ஆளை எங்க நிக்கச் சொல்லுகன்னு பாத்துச் சொல்லு. "நாகர்கோவில்ல நில்லுங்க"ன்னு மட்டும் சொன்னா அது பாதி விலாசமாக்கும்.

நம்ம புதுக்கடையில ரயிலு கிடையாது. மார்த்தாண்டத்துலயும் கிடையாது, அதை நீ யோசிச்சுப் பாத்திருக்க மாட்ட. இந்தச் சுத்துவட்டாரத்துல கடைன்னா மார்த்தாண்டம், கல்யாணச் சேலைன்னா மார்த்தாண்டம், ஆஸ்பத்திரின்னா மார்த்தாண்டம். தேனுக்குப் பேரு கேட்ட ஊரும் அதுதான். ஆனா ஸ்டேஷனுக்குப் பேரு குழித்துறை. வெளியூர்க்காரன் மார்த்தாண்டம்னு ஒரு ஸ்டேஷன் வரும் வரும்னு சன்னல்ல கண்ணு வச்சிருந்து, பாறசாலைக்குப் போய் இறங்கி நிப்பான். 2019ல மார்த்தாண்டத்துக்கு மேல இரும்புப் பாலம் கட்டி விட்டாச்சு. மேல போறவன் பறக்கான். நம்ம புதுக்கடை பஸ்ஸு கீழ, மாம்பழக் கூடைக்கும் ஆட்டோவுக்கும் இடையில, பையப் பைய ஊருது. அதனால வண்டிக்கு ஒரு மணிக்கூர் முன்ன புறப்பட்டா போதும்னு உன் போனு சொல்லும். போனு மார்த்தாண்டம் சந்தையில சாமான் வாங்கினது கிடையாது. நீ ரெண்டு மணிக்கூர் முன்ன புறப்படு.

என்னது, பாட்டா காலத்துல எப்பிடிப் போனீங்கன்னு கேக்கியா? சிரிக்காதே. அந்தக் காலத்துல ரயிலைப் பாக்கணும்னாலே பஸ் ஏறி திருவந்திரத்துக்குப் போகணும். அங்கயும் முதல்ல 1918ல ஊருக்கு வெளிய கடக்கரைப் பக்கம் கொண்டு நிறுத்தினான். அப்புறம் 1931ல தம்பானூருக்குக் கொண்டு வந்தான். தம்பானூர்ல இருந்து குழித்துறைக்கு பஸ்ஸுல ஒண்ணரை மணிக்கூர் ஓட்டம். ரயிலுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு தெரியுமா? 48 வருஷம். 1979 ஏப்ரல்லதான் திருவந்திரத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் வண்டி ஓடிச்சு. உன் வண்டி இருவது நிமிஷம் லேட்டுன்னு ஸ்டேஷன் மாஸ்டரைப் பாத்து மூஞ்சியச் சுளிக்கப்போறியே, அப்போ இந்தக் கணக்கை நினைச்சுக்கோ.

அப்பவும் முழுசா வந்துச்சா? நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்குத் தண்டவாளம் சேந்தது 1981ல. இடையில ரெண்டு வருஷம், மெட்ராசுக்கு ரயில்லதான் போவேன்னு ஒருத்தன் வாசல்ல இருந்தே அடம்பிடிச்சா, அவன் கிழக்க போறதுக்கு மேற்க போகணும், கேரளத்து வழியா சுத்திக்கிட்டு. புத்தியுள்ளவன் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினான்.

அதுக்கும் முன்ன ஒரு கூத்து உண்டும். தேங்காப்பட்டணம் பக்கம் ஒரு கால்வாய் தூந்து கெடக்குல்லா, ஏவிஎம் கால்வாய்? அது சினிமாக் கம்பெனி தோண்டினது இல்ல. 1860ல மகாராஜா தோண்ட ஆரம்பிச்சது. பேரை முழுசாச் சொன்னா அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். சாமி பேரு, லண்டன் ராணி பேரு, ராஜா பேரு மூணும் சேத்து வச்சாச்சு. பூவாத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் வள்ளத்துலயே போயிரலாம்னு திட்டம். குளச்சல், மண்டைக்காடு பக்கத்தோட நின்னு போச்சு. மூணு பேருல யாரைப் போய்க் கேக்க? இப்போ அதுல ஆகாயத்தாமரை பூத்துக் கெடக்கு. நம்ம நாட்டுல ஒரு வழி வருதுன்னு யாராவது சொன்னா உன் பாட்டா உடனே சந்தோசப்படாததுக்கு அந்தக் கால்வாயாக்கும் காரணம்.

இப்போ உனக்கு ஒரு சங்கதி சொல்லுகேன். இதை மத்தவன்கிட்ட சொல்லும்போது சிரிச்சிக்கிட்டே சொல்லு, இல்லேன்னா அரசியல் பேசுகான்னு சொல்லுவான். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி, இந்தப் புதுக்கடையிலயும் மார்த்தாண்டத்துலயும் போலீசு துப்பாக்கியத் தூக்கிச்சு. எதுக்கு? நாங்க தமிழ்நாட்டோட சேருகோம்னு ஆளுவ ஊர்வலம் போனதுக்கு. கொச்சியும் திருவிதாங்கூரும் சேந்து கெடந்த காலம், பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சர். ஆளுவ செத்து விழுந்தாங்க. சொந்தக் கட்சி சர்க்கார் சுட்டிருக்கேன்னு ராம் மனோகர் லோகியாவே தாணு பிள்ளையை ராஜினாமா பண்ணச் சொன்னாரு. அவரு பண்ணல. நேசமணி தலைமையில நடந்த அந்தப் பாடெல்லாம் பட்டுத்தான் 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்கு வந்தது.

மனுசன் வந்தாச்சு, மண்ணு வந்தாச்சு. 23 வருஷம் கழிச்சு ரயிலு வந்துச்சு. வந்த அதே 1979ல, அக்டோபர் 2ஆம் தேதி காந்தி பிறந்த நாளாப் பாத்து, திருவனந்தபுரம் கோட்டம்னு ஒண்ணு தொடங்கி நம்ம தண்டவாளத்தை அதுல சேத்துட்டான். இன்னிக்கும் குழித்துறையில ஒரு பல்பு மாட்டணும்னாலும் கடுதாசி திருவந்திரத்துக்குத்தான் போகணும். மதுரைக் கோட்டத்துல சேத்து விடுங்கன்னு நம்மாளுவ கேட்டுக் கேட்டுத் தொண்டை வத்திப் போச்சு. கவர்மென்டுக்கு நாம தமிழ்நாடு, சிக்னலுக்கு நாம திருவிதாங்கூர்.

இன்னொண்ணையும் கேளு. நேசமணி பிறந்த ஊரு பள்ளியாடி. குழித்துறையைத் தாண்டினா அடுத்த ஸ்டேஷன் அதுதான். சன்னல் வழியாப் பாத்துக்கோ, உன் வண்டி அங்க நிக்காது. பாசஞ்சரு நிக்கும். எதிர்வண்டிக்கு வழி விடணும்னா பாசஞ்சரு எங்கயாவது நல்லாவே நிக்கும். ஒத்தைத் தண்டவாளம் மக்களே. எதிர எதிர ரெண்டு வண்டி வந்தா ஒருத்தன் ஸ்டேஷன்ல ஒதுங்கி நிக்கணும், மத்தவன் போவான். யாரு ஒதுங்கணும்ங்கதுல நியாயம் கிடையாது, டிக்கெட் விலைதான் உண்டும். பத்து ரூவா டிக்கெட்டுக்காரன் ஒதுங்குவான். ரெண்டாவது தண்டவாளம் போட வேலை நடக்குது. குளமும் பாறையும் மேடும் பள்ளமுமா கெடக்கப்பட்ட நாட்டுல மண்ணு கிட்டாதாம். மண்ணு கிட்டாம ஒரு வேலை நிக்கது நம்ம ஜில்லாவுலதான். மண்ணை மட்டும் லாரி லாரியா மேற்க கொண்டு போறான், அது எப்பிடிக் கிட்டுதுன்னு கேக்கப்பிடாது.

செரி, ஸ்டேஷனுக்கு வா. நீ போய் இறங்கினதும் வாய் பிளந்திராதே. 2025 மே 22ஆம் தேதி பிரதமரு ஒரே நாள்ல நாடு முழுக்க 103 ஸ்டேஷனைத் திறந்து வச்சாரு. தமிழ்நாட்டுல ஒன்பது. ஸ்ரீரங்கம், சிதம்பரம், திருவண்ணாமலைன்னு பெரிய பெரிய சாமி உள்ள ஊருக்கு நடுவுல நம்ம குழித்துறையும் உண்டும். முகப்பு புதுசு. நீ கண்டிப்பா முன்ன நின்னு போட்டோ எடுப்ப, தெரியும். எடு. ஆனா முகப்பைப் புதுக்கினதுனால வண்டி நிக்கிற நேரம் கூடலை. அதே ரெண்டு மூணு நிமிஷம்தான். நேத்து வரைக்கும் நிக்காம போன வண்டி, ஆஹா முகப்பு கொள்ளாமேன்னு நிக்கவும் இல்ல. கன்னியாகுமரியில இருந்து அசாமுல திப்ருகர் வரைக்கும் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓடப்பட்ட விவேக் எக்ஸ்பிரசு நம்ம ரோட்டுலதான் போவுது. இதே ரோட்டுல பம்பாய்க்குப் போன ஜெயந்தி ஜனதா வண்டி இப்போ புனேயோட நின்னுக்கிடுது. பம்பாய்ல கடை வச்சிருந்த நம்ம ஆளுவ அந்த வண்டியில கொண்டு வந்த தகரப் பெட்டி, நம்ம வீட்டு மச்சுல இன்னும் கெடக்கு.

வண்டி நிக்கிற அந்த ரெண்டு மூணு நிமிஷம் இருக்கே, அங்கதான் மக்களே உன் படிப்பெல்லாம் தோக்கும். நான் மாசம் ஒருக்கா அதிரு வழக்குக்கு குழித்துறைக் கோர்ட்டுக்குப் போறேன்லா. வக்கீலு வாய்தா வாங்கிருவாரு, கொஞ்ச நேரத்துலயே வேலை தீந்துரும். வீட்டுக்கு வந்தா உன் பாட்டி விறகு கீறச் சொல்லுவா. அதனால ஸ்டேஷனுக்குப் போய் பத்து ரூவாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து பேன் காத்துல இருப்பேன். ரெண்டு மணிக்கூர் செல்லும். இம்பிட்டு மலிவா வேடிக்கை வேற எங்க கிட்டும்?

போன தடவை ஒரு பையன். காதுல பஞ்சு மாதிரி ஒண்ணு வச்சிருக்கான், பாட்டு கேக்கான். சக்கரம் வச்ச பெட்டி, முதுகுல ஒரு மூட்டை, கையில அம்மை குடுத்து விட்ட பொதிச்சோறு. நல்ல நிழலாப் பாத்து, ஸ்டேஷன் வாசலுக்கு நேரா நின்னுட்டான். உன் பெட்டி எங்க நிக்கும்னு யாரையும் கேக்கலை. வண்டி வந்துச்சு. அவன் முன்னால வந்து நின்னது ஜெனரல் பெட்டி. அவன் பெட்டி அந்தக் கோடியில. ஓடினான். சக்கரத்துல ஒண்ணு ஓட்டைத் தளக்கல்லுல சிக்கி, பெட்டி ஒரு சாடு சாடி மலந்திச்சு. பொதிச்சோத்தைப் பெட்டி மேல வச்சு இழுத்தான், அது சரிஞ்சு வாழையிலை கிழிஞ்சு, மீன் குழம்பு சட்டைக் கையில ஒழுகி முழங்கை வரைக்கும் வந்துச்சு. கார்டு பச்சைக் கொடியத் தூக்கியாச்சு. கடைசியில கையில கிட்டின பெட்டியில ஏறினான், கழிப்பறைக் கதவு பக்கம். அவனுக்குப் பின்னால அவன் பாட்டு வச்ச பஞ்சு ஒண்ணு பிளாட்பாரத்துல கெடந்துச்சு. சாயாக்காரன் எடுத்துக் காதுல வச்சுப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்கலன்னு தூரப் போட்டான்.

நம்ம முன்சிறை திருமலையில இருந்து திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு சிவன் கோயிலு. சிவராத்திரிக்கு கோவிந்தா கோபாலான்னு விசிறியோட ராத்திரி பகலா ஓடுகான் நம்மூர்க்காரன். பசிக்குச் சுக்கு வெள்ளமும் பானகமும் குடிச்சிட்டு, காலு பொத்தி வெடிச்சாலும் நிக்காம ஓடப்பட்ட வம்சம். அவன் வழியில பொறந்தவன் ஒரு பிளாட்பார நீளத்தை ஓட முடியாம மூச்சு வாங்கி நிக்கான். ஏன்? சிவாலய ஓட்டத்துக்கு எவனும் சக்கரம் வச்ச பெட்டி கொண்டு போக மாட்டான்.

அதனால நான் சொல்லுகதைக் கேளு. போனதும் உன் பெட்டி எங்க நிக்கும்னு கேளு. போர்டு இருந்தா பாத்துக்கோ, ஆனா போர்டை மட்டும் நம்பாதே. சாயா விக்கவன்கிட்ட கேளு. பெட்டி, மூட்டை வச்சிருக்கவன்கிட்ட கேக்காதே, அவனும் உன்னை மாதிரி முழிச்சிக்கிட்டுதான் நிப்பான், ஆனா அவமானத்துக்குப் பயந்து எதையாவது சொல்லி வைப்பான். கையில ஒண்ணும் இல்லாம சும்மா குத்த வச்சிருக்கப்பட்ட கிழவன் எவனாவது உண்டுமான்னு பாரு. அவனுக்கு ரயில்வே அட்டவணை மனப்பாடம். நானும் அப்பிடித்தான், ஆனா எனக்குத் தெரிஞ்சதை எவனும் கேக்க மாட்டேங்கானே.

இன்னொரு தமாசு. உன் கூட ஸ்டேஷனுக்கு வாற உங்க அப்பனுக்கு, உன்னை ஏத்தி விட்டுட்டு பாசஞ்சர்ல நாகர்கோவிலுக்குப் போவோம்னு ஆசை வந்து, போன்லயே டிக்கெட் எடுக்கப் பாப்பான். எடுக்காது. பிளாட்பாரத்துல நின்னு எடுத்தா அந்தப் போனுக்கு கோவம் வந்துரும், நீ ஸ்டேஷனுக்குள்ள நிக்க, வெளிய போய் எடுன்னு சொல்லும். ஓசியா ஏறிக்கிட்டு, டிக்கெட் பரிசோதகரைக் கண்டதும் பட்டுன்னு எடுக்கப்பட்ட வீரனுக்காக வச்ச ஏற்பாடு. ஒண்ணு, சுவத்துல ஒட்டியிருக்கக் கட்டம் கட்டமான படத்தைப் போனால பிடிச்சு எடுக்கணும். இல்லேன்னா வெளிய ரோட்டுல நின்னு எடுத்துட்டு உள்ள வரணும். இல்லேன்னா கவுன்டர்ல காசைக் குடுத்து எடுக்கணும். இந்த மூணாவது வழி கண்டுபிடிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு அப்பன்கிட்ட சொல்லு.

என்னையும் சென்னைக்கு வரச் சொல்லுக, வாறேன். ஆனா டிக்கெட் நீ எடு. ஒரு காலத்துல அறுவது வயசு ஆன ஆணுக்கு நூத்துக்கு நாப்பது ரூவா குறைப்பான், அம்பத்தெட்டு ஆன பொம்பளைக்குப் பாதி. உன் பாட்டி அந்தக் காலத்துலதான் முதல் தடவையா தன் வயசை ஒத்துக்கிட்டா. 2020 மார்ச்சுல கொரோனா வருது, கிழடுகட்டைய எல்லாம் வீட்டுல இருங்கன்னு சொல்லி சலுகையை நிறுத்தினான். கொரோனா போயாச்சு. கிழடுகட்டைய எல்லாம் வெளிய வந்தாச்சு. சலுகை மட்டும் இன்னும் வீட்டுக்குள்ளயே இருக்கு. உன் பாட்டியும் மறுபடி அம்பத்தாறுக்குப் போயாச்சு.

அம்மை கட்டுற சாமானைப் பாத்துக்கோ. மட்டிப்பழம் கொண்டு போகாதே, வள்ளியூருக்குள்ள நசுங்கும். அச்சுமுறுக்கு கொண்டு போ, உடைஞ்சாலும் ருசி குறையாது. நெத்திலிக் கருவாட்டை ஏழு பிளாஸ்டிக் கவருல சுத்தி வச்சிருக்கா, பாத்தேன். ஏசிப் பெட்டியில அது போதாது மக்களே. விடியும்போது அந்தப் பெட்டியில இருக்கவன் எல்லாம் ஒருத்தனை ஒருத்தன் சந்தேகமாப் பாப்பான். நீயும் சேந்து சந்தேகமாப் பாத்துக்கோ, அதுக்கு மேல ஒண்ணும் பேசாதே.

திசையையும் ஞாபகத்துல வையி. பெங்களூருக்குப் போற ஐலண்ட் எக்ஸ்பிரசும் குழித்துறைக்கு வரும், ஆனா அது திருவந்திரம் பக்கமாப் போவும். உனக்கு நாகர்கோவில் பக்கமாப் போற வண்டி. ரெண்டுலயும் நம்ம ஊருக்காரன்தான் சன்னல்ல இருப்பான், அந்த முகத்தைப் பாத்து ஏறிராதே.

கடைசியா ஒண்ணு. உன் வண்டி ஜங்ஷனுக்குள்ள போற வண்டின்னா, கோட்டாறுல கொஞ்ச நேரம் சும்மா நிக்கும். என்ஜின் மறுதலைக்குப் போவும். அப்புறம் வண்டி வந்த பக்கமாவே திரும்பிப் புறப்படும். எதிர் சீட்டுல முதல் தடவையா வாற ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். ஐயோ, வண்டி மறுபடி குழித்துறைக்கே போவுதேன்னு எந்திரிச்சு மேல கெடக்க பையை எல்லாம் கீழ இறக்குவான், பெண்டாட்டிக்குப் போன் போடுவான். நீ படிச்ச பிள்ளை, சட்டுன்னு வெளக்கம் சொல்ல வாயெடுப்ப. சொல்லாதே. ஆரல்வாய்மொழி காத்தாடி தெரியுற வரைக்கும் அவன் நிக்கட்டும், நீ அந்தச் சன்னல் சீட்டுல இருந்துக்கோ.